கைநாட்டுக்கு முந்தி

நடந்தா கெண்டைக்கால் கவ்வுது, நின்னா விடுது. சேரியில் இதை வாயு என்று எண்ணெய் தேய்க்கிறோம். இடுப்புக்குள் காலுக்கு இறங்கும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம் என்று நமக்கு யார் சொன்னது? விரல் கறுத்துப் போனால், 'பீடி குடிச்சே கெட்டே' என்று ஏச்சு. அப்புறம் கைநாட்டு, ரம்பம்.

1964இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 82 வயதுக் கிழவி ஒருத்தி காலை வெட்டச் சம்மதிக்கவில்லை. சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே தொடைக் குழாயின் சுருக்கத்தை விரித்தார். சாகும்வரை அவள் சொந்தக் காலில் நடந்தாள். பலூன், ஸ்டென்ட் எல்லாம் பிறகு வந்தன. ஈரல் கட்டிக்கு ரத்தம் போகும் குழாயில் மருந்து செலுத்தி அடைப்பதும் இதே வழிதான்.

திருநெல்வேலிக்கு மருத்துவக் கல்லூரி 1965இல் வந்தது. இந்த அறிவு நம்ம தெருவுக்கு எப்போ வரும்?

மாஞ்சோலைக் கூலிக்காக 1999 ஜூலை 23இல் கொக்கிரகுளம் வரை நடந்த கால்கள் நம்முடையவை. அன்று தடியடியில் தாமிரபரணிக்குள் 17 பேரைப் பறிகொடுத்தோம். மிச்சமிருக்கிற கால்களை லேசில் கொடுக்கலாமா?

அழுகல் முற்றினால் வெட்டத்தான் வேண்டும். அதனால் கவ்வும்போதே போ. கைநாட்டு வைக்கு முந்தி கேளு: 'ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பாத்தியளா? விரிக்க வழியிருக்கா?'

திமிரு பிடிச்சவன்னு சொல்வான். சொல்லட்டும்.