நீச்சல் குளத்துப் பூச்சும் நாம் போடாத கணக்கும்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பரப்பளவு கற்பிக்கும்போது பாடநூலில் உள்ள செவ்வகத்தையே பலகையில் வரைவது என் வழக்கம். சென்ற மாதம் ஓர் உண்மையான குளத்தை வரைந்தேன். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர். பட்டர்வொர்த்தில் என் அக்காள் வீட்டின் பின்புறம் இருக்கும் நீச்சல் குளத்தின் அளவு அது. அடித்தளம் 32 சதுர மீட்டர். நான்கு சுவர்களும் சேர்ந்து 36 சதுர மீட்டர். ஆக மொத்தம் 68 சதுர மீட்டர். "ஐயா, தரையை மட்டும் கணக்கிட்டால் போதாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். என் அத்தானும் அதே பிழையைத்தான் செய்திருந்தார்!

அத்தான் பணி ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். வீட்டோடு குளமும் வந்தது. ஈராண்டுகளில் அடித்தள ஓடுகள் பெயர்ந்தன. இடுக்குகளில் சிமெண்டு கரைந்து, கால் வைத்தால் கீறும் அளவிற்குத் தளம் சொரசொரப்பானது. நீரும் கசியத் தொடங்கியது. மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேட்டார். சுரண்டிச் சாயம் பூச 5,500 ரிங்கிட் என்றார் ஒருவர். வெள்ளைச் சிமெண்டும் சலவைக்கல் தூளும் கலந்து புதிதாகப் பூச 12,000 ரிங்கிட் என்றார் இரண்டாமவர். பழைய ஓடுகளை உடைத்தெடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, புதிய மொசைக் ஓடு பதிக்க 23,000 ரிங்கிட் என்றார் மூன்றாமவர். தரையை மட்டும் அளந்து, ஓட்டுக்கடை விலையால் பெருக்கி வைத்திருந்த அத்தான், "இது பகற்கொள்ளை!" என்று கொதித்துப் போனார்.

கொள்ளையா, இல்லையா என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இவ்வேலையில் ஓட்டின் விலை ஒரு பகுதிதான். நீரை இறைக்க வேண்டும். பழைய தளத்தை உடைக்க வேண்டும். இடிபாடுகளை ஏற்றிச் செல்ல வேண்டும். விரிசல்களை அடைக்க வேண்டும். தடுப்புப் பூச்சு காயும் வரை காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இவற்றிற்கே பெரும்பணம் செல்கிறது. இவற்றை விட்டுவிட்டு மேலே சாயம் பூசினால், சில ஆண்டுகளில் அது உரிந்துவிடும். பிறகு சாயத்தையும் சுரண்டி எடுக்கும் கூலி புதிய செலவாகச் சேரும். மலிவான விலை என்பது பல வேளைகளில் முதல் தவணை மட்டுமே.

பட்டர்வொர்த்தில் இன்னொன்றையும் கருத வேண்டும். நமது நிலம் கடலோரத் தாழ்நிலம். தோண்டினால் விரைவில் நீர் தட்டும். நீர் நிறைந்திருக்கும் வரை குளத்தின் எடை அதைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. கனமழைக் காலத்தில் குளத்தை வெறுமையாக்கினால், நிலத்தடி நீரின் அழுத்தம் அடித்தளத்தை வெடிக்கச் செய்யலாம். குளத்தையே மேலே தூக்கிவிடவும் கூடும். ஆகவே, "நாளைக்கே நீரை இறைத்துவிடலாம்" என்பவரைவிட, "நிலத்தடி நீரைப் பார்த்துத்தான் இறைக்க வேண்டும்" என்பவரே நம்பத்தக்கவர்.

இனி நீர்க் கணக்கு. இக்குளத்தின் கொள்ளளவு 48 கன மீட்டர். அதாவது 48,000 லிட்டர். 2024 சனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அடைப்பிதழ்களை மாற்றுவதற்காகப் பினாங்கில் நீர் விநியோகம் தடைப்பட்டதே, நினைவிருக்கிறதா? ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்கள் பாதிக்கப்பட்டனர். வாளியும் தோம்புமாக நாம் பட்ட பாட்டை அதற்குள் மறந்துவிடலாமா? அரைகுறையாகப் பூசி, கசிந்து, மீண்டும் இறைத்து, மீண்டும் நிரப்பும் ஒவ்வொரு முறையும் 48,000 லிட்டர் நல்ல நீர் போகிறது. நீர்க்கட்டணம் குறைவாக இருப்பதால் அந்த இழப்பு நமக்கு உறைப்பதில்லை.

சரி, தளம் ஏன் கெட்டது? நீரின் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். அது குறைந்து நீர் அமிலத்தன்மை அடைந்தால், சிமெண்டை மெல்ல மெல்லத் தின்றுவிடும். அத்தான் ஒருமுறைகூட அதைச் சோதித்ததில்லை. வாரம் சில நிமிட வேலை! செய்யாமல் விட்ட அந்தச் சிறு வேலைகள் அனைத்தும் ஒன்றுகூடி வந்து நின்ற தொகையே 23,000 ரிங்கிட்.

பராமரிப்பு நம் மரபிற்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஏரியை வெட்டினால் மட்டும் போதாது, அதை ஆண்டுதோறும் பேணுவதற்கென்று பொறுப்பாளர்கள் வேண்டும் என்று அவ்வூரார் அறிந்திருந்தனர். நாமோ குளத்தைக் கட்டுவதற்குக் கடன் வாங்குகிறோம். காப்பதற்கு ஒரு காசும் ஒதுக்குவதில்லை.

என் கருத்து இதுதான். முழுமையாகச் செய்யுங்கள், அல்லது குளத்தையே மூடிவிடுங்கள். புதிய தளம் 12 ஆண்டுகள் உழைப்பதாக வைத்துக்கொண்டால், 23,000 ரிங்கிட் என்பது மாதத்திற்கு ஏறத்தாழ 160 ரிங்கிட். அடுத்த பழுதுபார்ப்புக்காக இன்றிலிருந்தே மாதம் 160 ரிங்கிட் ஒதுக்க முடியுமா? முடியும் என்றால் குளத்தை வைத்துக்கொள்ளலாம். முடியாதென்றால், அடித்தளத்தில் நீர் வடியத் துளைகளிட்டு, மண் நிரப்பித் தோட்டம் போடுவதே அறிவுடைமை. இரண்டும் செய்யாமல் பச்சை நீரைத் தேங்க விடுவது மட்டும் கூடாது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசு பெருகினால் தண்டம் கட்ட வேண்டியவர் வீட்டில் குடியிருப்பவரே. தண்டம் போகட்டும், டிங்கிக் காய்ச்சல் அண்டை வீட்டுக் குழந்தைக்கு வந்தால் அதற்கு என்ன விலை?

இதையெல்லாம் அத்தானிடம் சொன்னேன். அவர் வாய் திறக்கவில்லை. அக்காள்தான் கேட்டார்: "தம்பி, நம் பேரப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. இந்தக் குளத்தில் யாருக்காக இவ்வளவு பணத்தைப் போடுகிறோம்?"

கணக்காசிரியனான நான் 68 சதுர மீட்டரையும் அளந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன். பிள்ளைகள் இருவரையும் முதலில் நீச்சல் வகுப்பில் சேர்ப்பது, அவர்கள் ஆர்வத்தோடு தொடர்ந்தால் குளத்தை முழுமையாகச் செப்பனிடுவது, இல்லையேல் மூடிவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை பி.எச். சோதனை செய்வதும் குளத்து நீரைத் தூய்மையாக வைத்திருப்பதும் அத்தானின் வாராந்திர வேலை!

உங்கள் வீட்டில் குளம் இல்லாமல் இருக்கலாம். கூரையும் நீர்த்தொட்டியும் இருக்குமல்லவா? அவற்றிற்கு மாதம் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? சிந்திப்போம்.