விழுகிற பல்தானே!

பாதி ராத்திரியில் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. தாய் எழுந்து விளக்கைப் போட்டு வாயைத் திறந்து பார்க்கிறாள். கடைவாய்ப் பல்லில் கறுத்த குழி ஒன்று தெரிகிறது. பாட்டி ஒரு கிராம்பை நசுக்கி அவ்விடத்தில் வைக்கிறாள். வலி சற்றுத் தணிய, குழந்தை உறங்கிவிடுகிறது. காலையில் தகப்பனார், "பல் வைத்தியரிடம் காட்டலாமா?" என்று கேட்டால், வீட்டிலுள்ள பெரியவர்கள் ஏகோபித்து அளிக்கும் தீர்ப்பு ஒன்றே: "விழுகிற பல்தானே! அதற்கு வைத்தியம் எதற்கு?" படித்தவர் வீட்டிலும் படியாதவர் வீட்டிலும், பட்டணத்திலும் கிராமத்திலும், நெடுங்காலமாக இத்தீர்ப்பே வழங்கப்பட்டு வருகிறது. இதன்மீது அப்பீல் செய்துகொள்ளவே இன்று நாம் எழுதத் துணிந்தோம்.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைக் கூறுவோம். ஏழு வயதுப் பெண் குழந்தை. கீழ்வரிசைக் கடைசிப் பல்லில் வலி. பரீட்சை முடியட்டும், பண்டிகை கழியட்டும் என்று கோர்ட்டில் வாய்தா வாங்குவதுபோல் மூன்று மாத காலம் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கினார்கள். கன்னம் வீங்கிச் சுரமும் கண்ட பிறகே வைத்தியரிடம் சென்றார்கள். பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. அழுத குழந்தையைத் தாய், "அழாதே அம்மா, இது போனால் புதுப் பல் முளைக்கும்" என்று தேற்றினார். இனி அவ்விடத்தில் பல் முளைக்காது என்றும், எடுக்கப்பட்டது பாற்பல் அன்று, ஆயுள் முழுதும் இருந்திருக்க வேண்டிய பல் என்றும் வைத்தியர் மெல்லச் சொன்னார். அத்தாய் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். எனினும் இந்த ஒரு சங்கதியை அவருக்கு ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

அச்சங்கதி இதுதான். குழந்தைக்குப் பாற்பற்கள் 20. சுமார் 6 வயதில், இவற்றுக்கெல்லாம் பின்னால், மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் புதிதாய் முளைக்கின்றன. இவை எந்தப் பாற்பல்லும் விழுந்த இடத்தில் முளைப்பவை அல்ல. ஆகையால் இவை வந்ததையே பெற்றோர் கவனிப்பதில்லை. கவனித்தாலும் பாற்பல் என்றே எண்ணிக்கொள்கின்றனர். பள்ளங்கள் நிறைந்த இப்பற்கள் வாயின் கோடியில் இருப்பதால் பிரஷ் அவ்விடம் சரியாய்ச் செல்லாது. எனவே சொத்தை முதலில் பிடிக்கும் நிலையான பற்களும் பெரும்பாலும் இவையே. "விழுகிற பல்" என்ற தீர்ப்பால் விழாத பல்லும் பறிபோவது இவ்வாறுதான்.

உண்மையான பாற்பல்லின் விஷயத்திலும் அத்தீர்ப்பு நியாயமானதன்று. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடுவது மெய்தான். ஆனால் பாற்கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்து வேலை செய்ய வேண்டியவை. அவற்றைக் கொண்டே குழந்தை மென்று தின்று வளர்கிறது. பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடத்தைக் காத்துக் கொடுப்பவையும் அவையே. முன்கூட்டியே ஒன்று போய்விட்டால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாய்ந்துகொள்ளும். பிறகு வரும் பல் இடமின்றிக் கோணலாய் முளைக்கும். பாற்பல்லின் வேரில் சீழ் கட்டினால் அதன் கீழ் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்கும் சேதம் உண்டாகலாம். இவை ஒருபுறமிருக்க, பல்வலியால் இரவில் உறங்காத குழந்தை மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்ன கற்கும்?

இது நம் தேசத்திற்கு மாத்திரம் உரிய அலட்சியம் என்று நாம் கூறவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வாய் சம்பந்தமான வியாதிகளால் பீடிக்கப்பட்டோர் உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேர். பாற்பல் சொத்தையுள்ள குழந்தைகள் மாத்திரம் 51 கோடிக்கு மேல். இந்தியாவில் 2002-03-ல் நடந்த தேசிய ஆய்வில் 5 வயதுக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சொத்தைப் பல் இருக்கக் காணப்பட்டது. இவ்வளவு பரவியுள்ள வியாதி பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்பதே நம்மை எழுதத் தூண்டுவது.

பல்லைப் புழு அரிக்கிறது என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் நடப்பது வேறு. பல்லின்மேல் படியும் மெல்லிய பசையில் எண்ணற்ற கிருமிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோட்டிலுள்ள தாதுக்களைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தை மாற்றிக் கரைந்ததை மீண்டும் ஈடுசெய்ய முயல்கிறது. அதற்குச் சுமார் அரைமணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஆகவே எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை தின்றோம் என்பதே முக்கியமாகிறது. சாப்பாட்டோடு சேர்த்து லட்டு ஒன்றைத் தின்று முடித்துவிடும் பையனைவிட, ஒரே மிட்டாயை மத்தியானம் முழுதும் வாயில் அடக்கிக்கொண்டு திரியும் பையனுக்கே அதிகக் கேடு. சுவீடன் தேசத்தில் வீப்பேஹோல்ம் என்னும் மனநோய் விடுதியில் 1940-களில் நடந்த பரிசோதனை இவ்வுண்மையை ஐயமற நிலைநாட்டிற்று. சம்மதம் தெரிவிக்க இயலாத நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்துப் பல்லைக் கெடுத்துப் பார்த்த அந்தக் காரியத்தை நாம் ஒருபோதும் ஒப்போம்; ஆயினும் அவர்கள் பட்ட துன்பத்தால் கிடைத்த அறிவை நாம் பயன்படுத்தாமல் விடுவது அதனினும் பெரிய அநியாயம்.

உறங்கும் வேளையில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. அந்நேரத்தில் சர்க்கரை கலந்த பாற்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கச் செய்வது, காவற்காரன் தூங்கும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும். மேல்வரிசை முன்பற்கள் இரண்டு வயதிலேயே கறுத்துக் கரைந்து நிற்கும் குழந்தைகளை நேயர்கள் கண்டிருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் காரணம் இப்புட்டியே. வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், பனங்கற்கண்டும் வெல்லமும் தேனும் தீங்கற்றவை என்று நினைப்போர் பலர். நாட்டுப் பொருள் என்பதற்காகக் கிருமிகள் அதைத் தின்னாமல் விடுவதில்லை.

இனிப் பல் துலக்கும் விஷயம். விடியற்காலையில் வாயைச் சுத்தம் செய்யாமல் ஒன்றும் உட்கொள்ளாத வழக்கம் நம்முடையது. ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் நாம் இகழோம். செங்கல் தூளையும் அடுப்புக் கரியையும் மட்டும் கைவிடச் சொல்வோம், ஏனெனில் அவை பல்லின் மேலோட்டைத் தேய்த்துவிடும். ஆனால் குச்சியால் துலக்கிய காலத்தில் குழந்தையின் கையில் நாள் முழுவதும் பிஸ்கட் பொட்டலம் இருக்கவில்லை. ஆகாரம் மாறிவிட்டது, அதற்குத் தக்கபடி பாதுகாப்பும் மாறவேண்டுமல்லவா? புளோரைடு சேர்ந்த பற்பசையைக் கொண்டு காலையில் ஒரு முறையும் இரவு படுக்குமுன் ஒரு முறையும் துலக்குவதே சொத்தையைத் தடுக்க நிரூபிக்கப்பட்ட எளிய வழி. கரைந்த மேலோடு மீண்டும் இறுகுவதற்கு அந்த உப்பு உதவுகிறது. 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் இதனைச் சேர்த்தது. கடையில் வாங்கும்போது உறையின் மேலுள்ள மூலிகைப் படத்தையும் நடிகரின் புன்னகையையும் பாராமல், புளோரைடு உண்டா என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். விலையுயர்ந்ததே சிறந்தது என்பது இவ்விஷயத்தில் சரியன்று.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். அது நியாயமான ஆக்ஷேபம். புளோரைடு விஷமல்லவா, தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பற்களைப் பழுப்பாக்கி எலும்புகளை முறுக்கியது அதுதானே என்று கேட்பார்கள். ஆம், அதுவேதான். அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், கிணற்று நீரிலுள்ள மிகுதியான புளோரைடால் ஜனங்கள் முடமாவதை ஷார்ட் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1937-லேயே விவரித்து எழுதினார்கள். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதோ 2013-ல்! ஆனால் நாள்தோறும் குடித்து வயிற்றில் இறங்குவது வேறு, பல்லில் பூசித் துப்பிவிடுவது வேறு. உப்பு மிகுந்த குழம்பை உண்ண முடியாது என்பதற்காக உப்பே வேண்டாமென்று யாரும் சமைப்பதில்லை. அளவுதான் இங்கே சட்டம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு பசை. 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் காண்பதுபோல் பிரஷின் நீளம் முழுதும் பிதுக்குவது குழந்தைக்கு ஆகாது. புளோரைடு மிகுந்த நீரைக் குடிக்கும் ஊர்களில் இருப்போர் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு நடப்பது உத்தமம்.

முதற்பல் முளைத்த அன்றே துலக்கத் தொடங்க வேண்டும். முதல் ஆண்டு நிறைவுக்குள் ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும். 7, 8 வயது வரையில் குழந்தையின் கையில் பிரஷைக் கொடுத்துவிட்டு, "போய்த் துலக்கு" என்று சொல்வது போதாது. பெரியவர்களே பிடித்துத் துலக்கிவிட வேண்டும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீர் விட்டுக் கொப்பளித்தால் பசையின் பயனும் நீரோடு போய்விடும்.

குழந்தையின் பல்லுக்கு வழங்கப்படும் தீர்ப்பே கிழவரின் பல்லுக்கும் வழங்கப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். "வயதானால் விழத்தானே செய்யும்!" வயதினால் மட்டும் பல் விழுவதில்லை, ஈறு நோயினால் விழுகிறது. துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால், பலர் அவ்விடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவில் முற்றும். ஈறு நோய் முற்றினால் நீரிழிவும் கட்டுக்கடங்குவது கடினம். புகையிலையைப் பற்றிப் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. பற்பொடியில் புகையிலை கலப்பதை மத்திய சர்க்கார் 1992-ல் தடை செய்ததையும், சுப்ரீம் கோர்ட்டு அத்தடையை நிலைநிறுத்தியதையும் நினைவூட்டினால் போதும். ஆனால் புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் வாய்ப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்ட முடிவை, தாம்பூலத்தில் பிரியமுள்ள நம்மவர் இன்னும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குடும்பத்தார் கடமை இவ்வளவு. சர்க்காரின் கடமை என்ன? கல்கத்தாவில் டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920-ல் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியை நிறுவினார். இன்று தேசத்தில் 300-க்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. வைத்தியர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே குவிந்துள்ளனர். தேசிய வாய் சுகாதாரத் திட்டம் 2014-15-ல் ஆரம்பிக்கப்பட்டது. பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடும் உண்டு. பரிசோதித்து, சொத்தை என்று சீட்டில் எழுதி, தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். கூலிக்குப் போகும் தாய் ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறுவாளா? ஏறமாட்டாள், சீட்டு அலமாரியில் கிடக்கும்.

சொத்தை வந்தபின் சீட்டு எழுதுவதைவிட, வராமல் தடுப்பதைப் பள்ளியிலேயே நடத்தலாம். ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளிகளில் குழந்தைகளைத் தினந்தோறும் ஒருவர் மேற்பார்வையில் பல் துலக்கச் செய்தார்கள். 2001-க்கும் 2010-க்கும் இடையில் 5 வயதுக் குழந்தைகளின் பல் சிகிச்சைக்கு ஆன செலவு அங்கே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஸ்காட்லாந்து செல்வ நாடு என்று சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். அங்கே பயன் தந்தது விலையுயர்ந்த யந்திரமன்று. ஒரு பிரஷும் பட்டாணியளவு பசையுமே.

தமிழ்நாட்டிற்கு இது புதுவழியுமன்று. 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு அளித்துக் காட்டியது. 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கப்பட்டு, மறு வருஷம் அப்பள்ளிகள் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. உணவுக்கு வரிசையாய் உட்காரும் பிள்ளைகளை இரண்டு நிமிஷம் வரிசையாய் நிறுத்திப் பல் துலக்கச் செய்வது அசாத்தியமா? முதலில் அங்கன்வாடிகளிலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளிலும் தொடங்கினால் போதும். ஆறு வயதுக் கடைவாய்ப் பல் முளைக்கும் பருவம் அதுவே. பிரஷில் பெயர் எழுதித் தனித்தனியே உலரவைக்க வேண்டும். மூன்று மாதத்திற்கொருமுறை மாற்ற வேண்டும். புளோரைடு மிகுந்த கிராமங்களில் முதலில் நீரைச் சோதித்துவிட்டு, ஜில்லா வைத்திய அதிகாரியின் யோசனைப்படி நடக்க வேண்டும்.

உபாத்தியாயர்கள் தலையில் ஏற்கெனவே போதுமான பாரம் இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆகையால் உணவு சமைத்துப் பரிமாறும் பெண்களிடம் இதனை ஒப்படைக்கலாம் என்பது நமது யோசனை. ஆனால் அதற்குரிய ஊதியத்தைச் சேர்த்துக் கொடுக்காமல், சேவை என்று பெயரிட்டு இவ்வேலையையும் அவர்கள் மீது சுமத்துவதாயிருந்தால், இத்திட்டத்தை எதிர்த்து முதலில் எழுதுவோர் நாமாகவே இருப்போம்.