கூப்பிடும் பெயரும் பதிவுப் பெயரும்



ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், பெயர் வைப்பதற்கு முன்னரே அதற்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது. தாய் ‘அம்மு’ என்பார். தகப்பன் ‘ராசாத்தி’ என்பார். ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மம்மா ‘என்ரை குஞ்சு’ என்பா. இவற்றில் எது ஒட்டும், எது உதிரும் என்று ஆருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று ஒட்டிவிட்டால் பிறகு கழற்ற முடியாது. அறுபது வயதிலும் ‘பேபி அன்ரி’யாகவே இருப்பவர்கள் எங்கள் எல்லோருடைய குடும்பத்திலும் இருக்கிறார்கள் அல்லவா?

எங்கள் பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். நீளமான முழுப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘கிளி’ என்றோ ‘சின்னவன்’ என்றோ ‘ராசன்’ என்றோ இருக்கும். அது இல்லாவிட்டால், கூடப் படித்தவர்களுக்கும் அயலட்டைக்கும் செத்தது ஆர் என்று தெரியாது. வாழ்நாள் முழுவதும் ஒரு மனிதர் ஒரு பெயரில் வாழ்கிறார். அவருடைய பத்திரங்கள் இன்னொரு பெயரில் வாழ்கின்றன.

எங்கள் பாட்டன் பாட்டிமாருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இருக்கவில்லை. செல்லையா, செல்லம்மா, இராசையா, தம்பையா, சின்னத்தம்பி, அப்பாத்துரை, தங்கம்மா என்ற பெயர்களை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். இவை எல்லாமே கொஞ்சுகின்ற பெயர்கள். அவையே பதிவிலும் ஏறின. நீண்ட பெயர் வைத்தாலும் அதற்குள்ளிருந்தே வீட்டுப் பெயரை எடுத்தார்கள். சுப்பிரமணியம் மணியமானார், நாகலிங்கம் நாகரானார். மகாகவி பாரதியாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சுப்பிரமணியன். வீட்டில் அவர் சுப்பையா. ஒன்றைக் கேட்டால் மற்றது விளங்கும்.

பின்னர்தான் இரண்டும் விலகத் தொடங்கின. எண்சாத்திரத்துக்குப் பொருந்தும், புதுமையாய் ஒலிக்கும் ஒரு நீண்ட பெயரைப் பத்திரத்துக்கு வைத்தோம். அதற்கும் எங்கள் வாயில் வரும் பெயருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஊரில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அயலவர்தானே. அவரும் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

இங்கே அப்படியில்லை. நாலு வயதில் பாலர் வகுப்புக்குப் போகும் பிள்ளையை அங்கே ஒருவர் பத்திரத்தில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளைக்கே தெரியாது. பெயர் நீளமாக இருந்தால் ஆசிரியர் தன் வாய்க்கு வந்த இடத்தில் வெட்டுவார். தனுஷாந்தினி ‘டானி’ ஆவாள். சில வருடங்களில் பிள்ளையும் தன்னை அப்படியே சொல்லும். வீட்டுப் பெயர் அம்மம்மாவின் தொலைபேசிக்குள் மட்டும் மிஞ்சும். அம்மம்மாவின் காலத்தோடு அதுவும் போய்விடும். நாங்கள் சுருக்காவிட்டால் பள்ளிக்கூடம் சுருக்கிவிடும். ஆகையால் பதிவுப் பெயரைத் தேடும்போதே, அது எந்த இடத்தில் ஒடிய வேண்டும் என்று நாங்களே தீர்மானிப்பது நல்லது.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வீட்டுப் பெயரையே தலையாகவோ வாலாகவோ வைத்துக் கட்டுவது. ‘கவி’ என்று கூப்பிட விருப்பமா? கவிதா, கவிநிலா, கவியரசன் இருக்கின்றன. ‘மதி’ என்றால் இளமதி, வளர்மதி, மதிவதனி, மதியழகன். நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கும் இது உதவும். அச்சுவினி முதலாம் பாதத்துக்கு ‘சு’ என்பார்கள். வீட்டில் ‘மதி’ என்று பழகிவிட்டது, என்ன செய்வது? சுமதி என்று வையுங்கள். சாத்திரியாருக்கும் திருப்தி, அம்மம்மாவுக்கும் திருப்தி.

இரண்டாவது, ஓசையைப் பிடிப்பது. ‘அம்மு’வுக்கு அமுதா, அமுதினி. ‘கண்ணா’வுக்கு மணிவண்ணன், கார்வண்ணன்.

மூன்றாவது, பொருளைப் பிடிப்பது. ‘சின்னவன்’ என்று கூப்பிடுகிறீர்களா? இளங்கோ, இளமாறன் என்ற பெயர்களில் அந்த இளமை இருக்கிறது. ‘தங்கம்’ என்று கொஞ்சினால் பொன்னி, பொன்மலர். ‘பபா’, ‘குட்டி’ போன்றவற்றுக்குப் பதிவுப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. அவை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

செல்லப் பெயரையே பதிந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஜும்பா லகிரி என்ற எழுத்தாளரை அறிந்திருப்பீர்கள். வங்காளப் பெற்றோருக்கு 1967இல் லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். வங்காளிகளுக்கு வீட்டுப் பெயர் வேறு, வெளிப்பெயர் வேறு. நீலாஞ்சனா சுதேஷ்ணா என்பவை அவருடைய வெளிப்பெயர்கள். பாலர் வகுப்பு ஆசிரியைக்கு ‘ஜும்பா’ சுலபமாக இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது. 2003இல் வந்த அவருடைய ‘தி நேம்சேக்’ நாவலில், பாட்டி அனுப்பிய பெயர்க் கடிதம் வந்து சேராததால் பிள்ளைக்குக் ‘கோகோல்’ என்ற வீட்டுப் பெயரே பதிவாகிறது. அவன் பதினெட்டு வயதில் சட்டப்படி அதை மாற்றிக்கொள்கிறான். மடியில் கிடக்கும் பிள்ளைக்கு இனிக்கும் பெயர், நாளை வேலைக்கு விண்ணப்பம் எழுதும் மனிதருக்கும் பொருந்த வேண்டும்.

நாட்டு மொழியில் அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஜேர்மனியிலும் நோர்வேயிலும் டென்மார்க்கிலும் ‘ஜே’ எழுத்தை ‘ய’ என்றுதான் வாசிப்பார்கள். ஜனனி ‘யனனி’ ஆவாள், ஜீவன் ‘யீவன்’ ஆவான். ‘ழ’வுக்கு ‘இஸட்’டையும் ‘எச்’சையும் சேர்த்து எழுதினால் ஜேர்மன்காரர் ‘ட்ஸ்’ என்று தொடங்குவார். ‘துஷி’ எங்களுக்கு அழகான சுருக்கம். ஜேர்மன் மொழியில் ஏறக்குறைய அதே ஒலியில் பெண்களை ஏளனம் செய்யும் ஒரு கொச்சைச் சொல் இருக்கிறது. பூங்கொடியைப் ‘பூ’ என்று சுருக்கினால், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் அது சின்னப்பிள்ளைகள் மலத்துக்குச் சொல்லும் சொல். இதற்காகத் தமிழ்ப் பெயரையே கைவிட வேண்டாம். சுருக்கத்தை மட்டும் வேறாக்கினால் போதும். அவள் ‘கொடி’யாக இருக்கலாமே!

கால அவகாசமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. எங்கள் வழக்கப்படி முப்பத்தொன்று கழித்துத்தான் பெயர் சூட்டுவோம். பிரான்சில் 5 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஜேர்மனியில் ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் அதை ஒரு மாதத்துக்குள் கொடுக்கலாம். இங்கிலாந்தில் 42 நாட்கள் இருக்கின்றன. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் பெயருக்கு 6 மாதங்கள். டென்மார்க்கில் அங்கீகரித்த பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாத பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவசரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பெயர் எழுதுவதை விட, வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போதே இரண்டு மூன்று பெயர்களைத் தெரிந்து வைத்திருங்கள்.

கவி, மதி போன்ற குறுகிய பெயர்கள் ஆணா பெண்ணா என்று காட்டாது. ஜேர்மனியில் முன்னர் இதைக் காரணம் காட்டி மறுத்தார்கள். இந்திய வழிவந்த ஒரு பெண் குழந்தைக்குக் ‘கிரண்’ என்று பெயர் வைக்க விடாததால் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போயிற்று. 2008 டிசம்பரில் அந்த நீதிமன்றம் பெற்றோரின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆகவே அதிகாரி ஒருவர் தலையாட்டி மறுத்தவுடன் வேறு பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு சிறு பரீட்சை. தெரிந்தெடுத்த பெயரைக் குசினியிலிருந்து உரத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். பின்னர் ஒரு விண்ணப்பப் படிவத்தில் எழுதிப் பாருங்கள். பின்னர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் அது ஒரே பிள்ளையின் பெயராகக் கேட்டால் பதிந்துவிடுங்கள். எழுத்துக்கூட்டலைப் பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் ஒரேமாதிரி வைத்திருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பிறகு அலைச்சல் பிள்ளைக்குத்தான்.

காணியும் வீடும் கொடுக்க முடியாமல் வந்தவர்கள் நாங்கள். பிள்ளைக்குக் கையோடு கொடுக்கக்கூடியதாய் எங்களிடம் மிஞ்சியிருப்பவற்றில் பெயரும் ஒன்று. அதை வகுப்பில் ஆசிரியை கூப்பிட்டாலும், தொலைபேசியில் அம்மம்மா கூப்பிட்டாலும், பிள்ளை ஒரேமாதிரித் திரும்பிப் பார்க்கட்டும்.