நிலத்தடி நீர் யாருடையது?

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கிணறுகள் கரிப்பதற்கு மழை பொய்த்ததுதான் காரணம் என்கிறார்கள். அது பாதி உண்மை.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணலுக்கு அடியில் நல்ல நீர் ஏராளமாக இருப்பதை 1960-களில் ஐ.நா. உதவியுடன் நடந்த ஆய்வு காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்தில் குழாய்க் கிணறுகள் இறங்கின. நீர் சென்னைக்குப் போனது, தொழிற்சாலைகளுக்கும் போனது. கழனிகளில் மோட்டார்களும் ஓடின. கடலோரத்தில் நல்ல நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலுள்ள உப்பு நீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறும் என்பது நீரியல் கணக்கு. மீஞ்சூரில் 1969-இல் கரையிலிருந்து 3 கி.மீ. வரை இருந்த உவர், 1983-இல் 7 கி.மீ., 1987-இல் 9 கி.மீ. என உள்ளே வந்தது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் அந்த 1987-இல்தான் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003-இல் இயற்றிய சட்டமோ, நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டது.

இதில் நிலமற்றவர் எங்கே நிற்கிறார்? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கு. 2019 வறட்சியில் நம் மாவட்டத்து விவசாயக் கிணறுகளைக் குடிநீர் வாரியம் வாடகைக்கு எடுத்தபோது பணம் கிணற்றுக்காரருக்குப் போனது. பயிர் காய்ந்த சிறு விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கழனியில் நடவும் களையெடுப்பும் செய்து பிழைத்த காலனிப் பெண்களுக்குக் கூலியும் இல்லை, தண்ணீர்ப் பணத்தில் பங்கும் இல்லை. வறட்சி நிவாரணமும் பட்டா பார்த்துத்தான் வருகிறது. மிச்சமிருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி. அந்தக் கூலியிலும் ஒரு பகுதி கேன் தண்ணீருக்குப் போய்விடுகிறது.

ஏன் நிலமில்லை என்பதற்கும் இந்த மண்ணிலேயே பதில் உண்டு. 1997 வரை நாம் இருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையின் பேரில்தான், 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. நிலம் போனபோதே அதன் அடியிலிருந்த தண்ணீரும் போனது. 1927-இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தினார். அது கண்ணுக்குத் தெரிந்த பொதுக்குளம். பட்டா நிலத்து ஆழ்துளைக் கிணற்றில் எப்படி இறங்குவது?

எனவே கேள்வியைக் கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு லாரித் தண்ணீருக்கும் ஊராட்சியில் பதிவு வேண்டும். அந்த வருவாயில் கூலித் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும். காலனிக் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கையையும் கேளுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில்கூட 2,000-ஐத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கல்லூரி மாணவர்கள் அந்த எண்ணை எழுதி வாங்கி, தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டலாம்.