விளங்காத தாளில் விழும் கைந்நாட்டு

சிற்றூரினின்று வட்டத் தலைநகரின் அறமன்ற வாயிலுக்கு வரும் எளிய தமிழன், அரசியற் பெருஞ்சிக்கல் எதனையும் சுமந்து வருவதில்லை. வரப்புப் பூசல், திருப்பித் தரப்படாத கடன், குடிக்கூலி வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் அறிவிக்கை, உடன்பிறந்தார் தர மறுக்கும் பங்கு, காவல்நிலையத்தார் எழுதிக்கொள்ள மறுத்த முறையீடு, கணவன் கைவிட்ட மகளின் பிழைப்பூதியம் இவையே அவன் கைப்பையில் உள்ளவை. இவை அனைத்தையும் ஒருவராகவே எடுத்து நடத்துகின்ற ஊர் வழக்கறிஞர்தாம் அவனுக்குத் தெரிந்த சட்டம். தில்லியில் வழக்காடும் பெரும்பெயர் வழக்கறிஞர்களைச் செய்தித்தாள்கள் பாடட்டும்; தமிழ் மக்களின் நிலமும் மானமும் காக்கப்படுவதும் இழக்கப்படுவதும் இவ்வூர் வழக்கறிஞரின் சிற்றறையில்தான்.

அச் சிற்றறையில் வழங்கும் மொழி எது? 'வக்காலத்து', 'வாய்தா', 'ஜாமீன்', 'அமீனா' என்பன நவாபு ஆட்சியின் எச்சங்கள். 'பிதுரார்ஜிதம்', 'சுயார்ஜிதம்', 'சர்வ சுதந்திர பாத்தியம்' என ஆவணத்தில் நிரம்பிக் கிடப்பவை வடமொழியார் விட்டுச் சென்றவை. வழக்குரையும் எதிர்வழக்குரையும் பெரும்பாலும் ஆங்கிலம். இவை போதா என்று, 2024 சூலை 1 முதல் குற்றவியற் சட்டங்கள் மூன்றும் 'பாரதிய நியாய சன்ஹிதா' முதலான பெயர்களைப் பூண்டு வந்துள்ளன. அப் பெயர்களை எதிர்த்துத் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கியது நன்றே. ஆயின், தெருவில் இறங்கிய அதே வழக்கறிஞர் தம் அறைக்கு மீண்டு, தமிழன்றிப் பிறிதறியாத உழவனிடம் ஆங்கிலத் தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பாராயின் அவ்வெதிர்ப்புக்கு என்ன பொருள்?

இது செவிக்கு இனிமை தேடும் வேட்கையன்று. சோற்றைப் பற்றிய செய்தி. தந்தை இறந்த சில திங்களில் மணமான மகளைப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று, பங்கு வேண்டா என விடுதலை ஆவணம் எழுதி வாங்குவது நாடறிந்த வழக்கம். "நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று" என்பது உடன்பிறந்தார் கூறும் ஞாயம். ஆவணத்தில் நிலம் 'பிதுரார்ஜிதம்' என்று எழுதப்பட்டிருக்கும். அச்சொல் முன்னோர் வழி வந்ததைக் குறிப்பது என்பதும், இந்துச் சட்டத்திற்கு உட்பட்ட கூட்டுக் குடும்பத்தில் அத்தகைய சொத்தில் மகனோடு ஒத்த பங்கு மகளுக்கும் பிறப்பினாலேயே உண்டு என்பதும் அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. 1989 மார்ச்சு 25 முதல் தமிழ்நாட்டில், அந்நாளில் மணமாகாதிருந்த பெண்டிர்க்கு இவ்வுரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9-இல் நடப்புக்கு வந்த நடுவணரசின் திருத்தம் மணமானவர்க்கும் அதனை விரித்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை என 2020-இல் உச்ச அறமன்றம் தெளிவாக்கியது. 2004 திசம்பர் 20-க்கு முன்னரே பதிவாவணத்தாலோ அறமன்றத் தீர்ப்பாலோ முடிந்துவிட்ட பங்கீடுகளை அது தொடாது. முப்பதாண்டுக் காலம் போராடிப் பெற்ற இவ்வுரிமையை, ஒரு வடசொல்லின் பொருள் தெரியாமையால், ஒரு முற்பகலில் ஒரு பெண் கைந்நாட்டிட்டு இழந்துவிடுகின்றாள். ஏமாற்றப்பட்டது தெரிய வந்த நாளினின்று மூன்றாண்டிற்குள் அவ்வாவணத்தை நீக்கக் கோரி வழக்கிட வேண்டும் என்பதையும் அவள் அறியாள். அறிந்து வரும்போது காலம் கடந்திருக்கும். அவளருகில் அமர்ந்து அத்தாளைத் தமிழாக்கிப் படித்துக் காட்ட ஒரு வழக்கறிஞருக்குக் கால் மணி நேரம் போதும்.

இது புதுமையான வேண்டுகையும் அன்று. மாயூரத்தில் நடுவராயிருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை வெளிவந்த உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இலேயே 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக வெளியிட்டார். (நூற்பெயர் வடமொழியாயினும் பணி தமிழ்ப்பணியே.) தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதை வழக்காளி தன் மொழியில் அறிதல் வேண்டும் என்று வெள்ளையன் ஆட்சியில் ஒரு தமிழ் நடுவருக்குத் தோன்றியது. நூற்றறுபதாண்டுக்குப் பின்னும் நம்மவர்க்குத் தோன்றாதது ஏன்?

சட்டம் தடுக்கின்றது என்பார் சிலர். கீழமன்றங்களைப் பொறுத்தவரை அது பொய்ச்சாக்கு. 1956-ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் அதற்கு 1976-இல் செய்யப்பட்ட திருத்தமும் அங்குத் தமிழுக்கு வழி திறந்தே வைத்துள்ளன. தடுப்பது பழக்கம், ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்னும் அடிமை மனம். உயர் அறமன்றத்தின் நிலை வேறு. அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பு அங்கு ஆங்கிலத்தை இருத்தியுள்ளது. குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழிக்கும் இடம் தரலாம் என்றும் அதே உறுப்பு கூறுகின்றது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களும் 1972-க்குள் இவ்வழியே இந்திக்கு இடம் பெற்றுவிட்டன. தமிழுக்காகத் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் இயற்றியனுப்பியது. 2012-இல் உச்ச அறமன்றம் இசையவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மூடிக்கிடக்கின்றது.

ஊர் வழக்கறிஞரின் பாட்டையும் மறத்தலாகாது. சட்டம் பயின்ற ஏழை வீட்டு இளைஞன் முதல் சில ஆண்டுகள் மூத்தவரின் கட்டுகளைச் சுமந்து, தேநீர்க் காசுக்கும் வழியின்றி நிற்பதே வழக்கமாயிருந்தது. இளைய வழக்கறிஞர்க்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் திங்களுக்கு 20,000 உருபாவும் பிற இடங்களில் 15,000 உருபாவும் குறையாது தரவேண்டும் எனச் சென்னை உயர் அறமன்றம் 2024-இல் கூறியது. பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 உருபாவுக்கு மேலும், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினரிடம் 125 உருபாவுக்கு மேலும் வாங்கலாகாது என உச்ச அறமன்றமும் அவ்வாண்டே தீர்ப்பளித்தது. வயிறு காய்ந்தவன் நேர்மையாயிருத்தல் அரிது. ஆதலின் இவை ஏட்டோடு நின்றுவிடாமை வழக்காளிக்கும் வேண்டற்பாலதே.

வழக்காளியும் வாய் திறத்தல் வேண்டும். காவல்நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்ன முறையீட்டை எழுதிச் சொன்னவர்க்கே படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறவேண்டும். அதன் படியைக் காசின்றித் தரவேண்டும். எல்லை கடந்தது என்று கூறி முறையீட்டைத் தள்ளவும் ஆகாது. சிறைப்பட்டவர்க்கு அதன் கரணியத்தைச் சொல்லவும், வழித்தொலைவு நீங்க 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தவும் வேண்டும். புதிய சட்டமும் இவற்றை மாற்றவில்லை. மக்கள் மன்றத்தில் உடன்பாடு எழுதும்போது இருமடங்கு விழிப்பு வேண்டும். அங்கு முடிந்ததற்கு மேல்முறையீடு இல்லை. உடன்பாட்டுத் தாள் தமிழில் இல்லையேல், தமிழில் எழுதித் தருக எனக் கேட்டுப் பெற்ற பின்னரே எழுதுகோலைத் தொடுக.

வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லாதார்க்கு, 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடப்பிலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்துள்ளது. பெண்டிர், சிறார், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர், சிறையிலுள்ளோர் ஆகியோர்க்கு வருவாய் எவ்வளவு என்ற வினாவே இல்லை. வட்ட அறமன்ற வளாகத்திலேயே அதன் குழு உண்டு. 15100 என்னும் தொலைப்பேசி எண்ணும் உண்டு. விடுதலை ஆவணத்தில் கையொப்பமிட அழைக்கப்படும் பெண், முதல்நாள் அங்குச் சென்று, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று தமிழில் கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை.