மீளளிப்பது தயவன்று, கடன்

சட்டம் விதித்த வரியை இறுப்பது குடிகளின் கடமை. அவ்வரிக்கு மேலாகப் பெற்றுக்கொண்ட ஒவ்வொரு சதத்தையும் திருப்பிக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. முதலாவது கடமையில் நாம் தவறினால் வட்டி, தண்டம் என்று கடிதத்தின்மேற் கடிதம் வருகிறது. இரண்டாவது கடமையில் அரசாங்கம் மாதக்கணக்காகத் தவறினாலும், ஏன் என்று கேட்பாருமில்லை; இன்ன காரணம் என்று சொல்வாருமில்லை. 'உமது கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது' என்ற ஒரு வாக்கியமே விடையாகிவிடுகிறது.

இது பணம் படைத்தவர்களின் தொல்லை, நமக்கென்ன என்று எவரும் எண்ணிவிடலாகாது. கிளிநொச்சியில் நெல் விளைவிக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். பல போக உழைப்பில் மிஞ்சிய 20 இலட்சம் ரூபாவை அவர் வங்கியில் நிலையான வைப்பாக இட்டிருக்கிறார். ஆண்டுக்கு 8 வீதம் வட்டி என்று கொண்டால் 1,60,000 ரூபா வரவேண்டும். அதில் 10 வீதத்தை, அதாவது 16,000 ரூபாவை, வங்கி வரியாகப் பிடித்து அரசாங்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. 2023 ஜனவரி முதல் 5 வீதமாக இருந்த இந்தப் பிடிப்பு 2025 ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம் இரட்டிப்பாக்கப்பட்டது. அதே நாள் தொடக்கம், ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரைக்கும் வரியில்லை என்றும் விதிக்கப்பட்டது. நமது விவசாயியின் முழு வருமானமும் அந்த எல்லைக்குள் அடங்குமாயின் அவர் இறுக்கவேண்டிய வரி ஒரு சதமுமில்லை. ஆயினும் 16,000 ரூபா போய்விட்டது. அடுத்த போகத்தின் உரத்துக்கென வைத்த பணம் திறைசேரியிலே கிடக்கிறது.

இனி, உத்தியோகம் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 3 இலட்சம் ரூபா சம்பளம் பெறும் பொறியியலாளர் ஒருவர் ஆறு மாதம் வேலை பார்த்தபின் அதை விட்டு விலகுகிறார். அந்த ஆண்டில் அவருக்கு வேறு வருமானமில்லை. அவர் பெற்றது மொத்தம் 18 இலட்சம். வரி எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட தொகைமீது வரி கழிக்கப்பட்டிருக்கும். ஆண்டு முடிந்தபின், நவம்பர் 30 ஆந் திகதிக்குள் வருமான விவரத்திரட்டைச் சமர்ப்பித்து, 'என் பணத்தைத் தாருங்கள்' என்று அவரும் கேட்டு நிற்கவேண்டியவரே.

கேட்ட பணம் தாமதிப்பதேன்? காரணங்களை நாம் நடுநிலையோடு ஆராய்வோம்.

முதலாவது, விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமை. வரியைப் பிடித்த வங்கி சொல்லும் கணக்கும், வரியிறுத்தவர் தமது விவரத்திரட்டிற் காட்டும் கணக்கும் ஒத்திருந்தாலன்றித் திணைக்களம் அசையாது. இங்கே தமிழர்க்கென்று ஒரு தனி இடையூறு உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் வேறோரிடத்தில் முழுமையாகவும் நிற்கும். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்துக் கூட்டப்பட்டிருக்கும். பழைய அடையாள அட்டைக்கு ஒன்பது இலக்கமும் ஓரெழுத்தும். புதியதற்குப் பன்னிரண்டு இலக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்த கணக்காயின் யாருடைய வட்டி எவ்வளவு என்ற கேள்வியும் எழும். வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை வங்கிக்குக் கொடாதவரின் பணம் யாருடையதென்று தேடவேண்டியதாகிறது.

இரண்டாவது, ஆபத்தைக் கணித்துத் தெரிவு செய்யும் முறை. எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே அளவில் ஆராய ஆள்பலம் எந்த நாட்டிலும் இல்லை. ஆகவே, காட்டிய வருமானத்துக்குப் பொருந்தாத பெருந்தொகை, முதன்முறையாகக் கேட்கும் கோரிக்கை, முந்திய ஆண்டுகளினின்றும் திடீரென மாறுபட்ட கணக்கு, சான்றிதழ் இணைக்கப்படாத கழிவு ஆகியவை தனியே எடுத்து வைக்கப்படுகின்றன. அவ்விதம் எடுத்து வைக்கப்பட்டவர் குற்றவாளி என்பது பொருளன்று. ஆனால் எடுத்து வைக்கப்பட்ட செய்தியே அவருக்குத் தெரிவிக்கப்படாதபோது, குற்றவாளியினும் கீழாக அவர் நடத்தப்படுகிறார். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குக் குற்றப்பத்திரமாவது கொடுக்கப்படுகிறதே!

மூன்றாவது, உத்தியோகத்தரின் அச்சம். 2002 தொடக்கம் 2004 வரையான காலத்தில், இல்லாத வியாபாரங்களின் பெயரால், பெறுமதி சேர் வரி மீளளிப்பு என்ற போர்வையில் 350 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட பொதுப்பணம் சூறையாடப்பட்டது. திணைக்களத்தைச் சேர்ந்தோர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அன்று கையொப்பமிட்டவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். கோவையை மேசையில் மூடி வைத்தவன் எவனும் நீதிமன்றம் ஏறவில்லை. இந்தப் பாடத்தை உத்தியோகத்தர்கள் நன்கு கற்றுக்கொண்டார்கள். கள்வனுக்குப் போட்ட பூட்டு இன்று வீட்டுக்காரனையே வெளியே நிறுத்துகிறது.

நான்காவது, வெறுமையான திறைசேரி. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதென்று அறிவித்தது. அவ்வாண்டில் அரசாங்கத்தின் வரி வருமானம் மொத்தத் தேசிய உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே வீழ்ந்திருந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஏற்பாட்டின் பின் வரி சேகரிப்புக்கு இலக்குகள் வகுக்கப்பட்டன. இலக்கை எட்ட ஓடுகிறவனுக்கு, உள்ளே வந்த பணத்தை வெளியே விடுவதில் உற்சாகம் பிறக்குமா? மீளளிப்பைத் தள்ளிப்போடுவது, வட்டியில்லாமல் ஏழைகளிடம் கடன் வாங்குவதை ஒக்கும்.

பரிசீலனையே கூடாதென்று நாம் வாதிடவில்லை. பொதுப்பணத்தைக் காப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு காசோலை எழுதவேண்டுமென்று எவன் கேட்பான்? ஆனால் பரிசீலனைக்கு ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லையை வகுக்க முடியும் என்பதற்கு அரசாங்கத்தின் செயலே சாட்சி. ஏற்றுமதியாளர் முதலியோர்க்கு 2011 முதல் நடைமுறையிலிருந்த இலகுபடுத்திய பெறுமதி சேர் வரி முறை 2025 ஒக்டோபர் முதலாந் திகதி நீக்கப்பட்டது. அதனிடத்தில், ஆபத்துக் குறைந்தோரின் கோரிக்கைக்கு முன்னுரிமை கொடுத்து 45 நாட்களுக்குள் மீளளிக்கும் முறை வரும் என்று அரசாங்கம் வாக்களித்தது. ஏற்றுமதியாளருக்கு 45 நாள். நல்லது. அப்படியானால் 16,000 ரூபாவுக்காக நிற்கும் விவசாயிக்கு எத்தனை நாள்? கோடிகளைத் தேடிப் பார்க்க 45 நாள் போதுமானால், ஒரு வங்கிச் சான்றிதழைப் பார்க்க அதிலும் மிகுந்த காலம் எதற்கு?

பிறநாட்டார் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில், விவரத்திரட்டுக் கிடைத்து 45 நாள் கடந்தும் பணம் கொடுபடாவிடின் அரசாங்கம் பொதுவாக வட்டி கொடுக்கவேண்டும். குறைந்த வருமானமுடையோர்க்குரிய சில சலுகைகளோடு கூடிய மீளளிப்புகளைப் பெப்ரவரி நடுப்பகுதிவரை வைத்திருக்கவேண்டுமென்று அங்கே 2015 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தாமதந்தான், ஆயினும் இன்ன காரணத்துக்காக இன்ன நாள் வரை என்று எல்லோர்க்கும் முன்னரே தெரிந்த தாமதம். இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் மீளளிப்புக்கு மாதம் அரை வீதம் வட்டி என்று வகுத்தது. காலத்துக்கு விலை வைத்தால்தான் காரியாலயங்கள் விழித்துக்கொள்ளும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. கோரிக்கை பரிசீலனைக்கு எடுக்கப்பட்டால் அதனை உடனே எழுத்தில் அறிவித்து, வேண்டிய பத்திரம் எதுவென்று ஒரே முறையிற் கேட்கவேண்டும். சிறுதொகைக் கோரிக்கைகளுக்கும் 45 நாள் என்ற எல்லையை வகுத்து, அது கடந்தால் கேளாமலே வட்டி சேர்க்கவேண்டும். இவற்றையெல்லாம் வரியிறுப்பவரின் மொழியிலே செய்யவேண்டும். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் நமக்கு உரிமை தருகிறது. விளங்காத மொழியில் வந்த விசாரணைக் கடிதத்துக்கு விடை எழுதாமற் போனதனால் ஒருவரின் கோரிக்கை தூங்குமாயின், அத்தூக்கத்துக்குப் பொறுப்பு யாருடையது?

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டியிருக்கலாமா? ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள், வட்டியில் வரி பிடிக்கவேண்டாமென்று சுய பிரகடனம் எழுதி வங்கியிற் கொடுக்க 2025 ஆம் ஆண்டின் திருத்தம் இடமளித்தது. பிடித்தபின் கேட்டலையாமல், பிடிக்குமுன் தடுப்பதே நலம். அடையாள இலக்கத்தைப் பெற்று வங்கியிற் பதியுங்கள். பெயரும் எழுத்தும் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வங்கி தரும் வரிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பேணுங்கள். கோரிக்கை தாமதித்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 'என் கோவை யாரிடம் இருக்கிறது? எக்காரணத்தால் நிற்கிறது?' என்று தமிழிலே எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க அலுவலர் கடமைப்பட்டவர். அதற்கும் அசையாத அதிகாரியைக் கடமையைச் செய்யுமாறு பணிக்கும் எழுத்தாணை மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது.

நம் கிராமங்களிலுள்ள சட்டத்தரணிகள், கணக்காளர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்கு ஒரு வார்த்தை. விவசாயி தன் சான்றிதழோடு உங்கள் படலைக்கு வரும்போது, அரைமணி நேரம் ஒதுக்கி அப்பிரகடனத்தை எழுதிக் கொடுங்கள். தன் பணத்தைக் கேட்பவன் இரப்பவன் அல்லன். அவன் கடன்கொடுத்தவன், கடன்பட்டது அரசாங்கம். கடன்கொடுத்தவன் தலைகுனிந்து நிற்கும் நிலை இனியேனும் ஒழிக!