செம்பு மூக்கும் பேய் முகமும்

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி 1540களில் வெள்ளிக் காசின் மாற்றைக் குறைத்துக்கொண்டே போனார். 1546க்குள் மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளி, மீதி செம்பு. காசின் நடுவில் அரசரின் முழுமுகம். மேற்பரப்பில் இருந்த வெள்ளி, புழக்கத்தில் முதலில் தேய்ந்தது மூக்கில். 'செம்பு மூக்கர்' என்று மக்கள் பட்டம் கட்டினார்கள்.

1920இல் அதையே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் செய்தது. ஒரு டிராய் அவுன்ஸ் ஸ்டெர்லிங் வெள்ளியிலிருந்து 66 பென்ஸ் மதிப்புள்ள காசு அடிக்கலாம் என்பது 1816 முதல் இருந்த கணக்கு. போருக்குப்பின் வெள்ளி விலை அதைத் தாண்டியது. காசை உருக்கினால் லாபம். உடனே காசில் 92.5 சதவீதமாக இருந்த வெள்ளி 50 ஆனது. 1947இல் வெள்ளியே போய், செம்பு-நிக்கல் வந்தது. போர்க்காலத்தில் வாங்கிய வெள்ளியை அமெரிக்காவுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. மூன்று காலத்து ஷில்லிங்கும் ஒரே எடை, ஏறக்குறைய 5.65 கிராம். தராசு எதையும் காட்டிக்கொடுக்காது. நீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்த்தால்தான் உண்மை வரும்: ஸ்டெர்லிங் 10.3 அளவில், செம்பு-நிக்கல் 8.9 அளவில்.

காசுகளின் தரத்தைப் பார்க்க 1282 முதல் நடக்கும் பிக்ஸ் சோதனையிலும் பாதி வெள்ளிக் காசுக்குச் சிக்கல் இல்லை. சட்டம் சொன்ன அளவு இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி.

உலோகத்துக்கு வந்ததுபோல அச்சுக்கும் ஒரு நெருக்கடி வந்தது. ஐந்தாம் ஜார்ஜின் பென்னியில் சிற்பி மெக்கெனல் செதுக்கிய தலையின் புடைப்பு அதிகம். அடிக்கும்போது அதை நிரப்ப உலோகம் அந்தப் பக்கம் ஓடிவிடும். பின்பக்கத்தில் பிரிட்டானியாவைச் சுற்றி அரசரின் தலை பேய்போல மங்கலாகத் தெரியும். காசைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கழுத்தின் வளைவுகூடப் பிடிபடும். 1926இல் தலையைத் திருத்தினார்கள், 1928இல் சிறிதாக்கினார்கள்.

1926இல் பழைய தலையும் திருத்திய தலையும் இரண்டுமே உண்டு. திருத்தியதில் கழுத்து வெட்டில் உள்ள சிற்பியின் முதலெழுத்துகள் வலப்புறம் தள்ளியிருக்கும். அதுதான் அரிது, சேகரிப்பாளர்கள் பல மடங்கு விலை கொடுப்பதும் அதற்கே. எனக்கென்னவோ நாணயச்சாலை எதோடு மல்லுக்கட்டியது என்று தெரிய, பேய் முகம் படிந்த மலிவுப் பென்னியைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. வியாபாரிகள் அதைக் கிலோ கணக்கில் நிறுத்து விற்கிறார்கள்.